வாப்பா என்ன குடி?

அத்தியாயம் ஒன்பது

போன கிழமை நாம் இந்த வீட்டை விட்டு வந்தபோது, முஸ்பிறா ஒரு பழைய பொய்யைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். இன்று அதை விருந்தாளிகளுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டிய நாள்.

பொய் மூன்றே சொற்கள். "அவரு மெஷினோட போயிருக்காரு."

அவர் என்பது மீராசா. முஸ்பிறாவின் புருஷன், அவள் மகள் ஸப்னாவின் வாப்பா. விளைந்த நெல்லை, எங்கள் பேச்சில் வேளாண்மையை, வெட்டும் மெஷினை ஓட்டுவதில் கல்முனைப் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலம் பேசினார்கள். பிறகு அவர் குடிப்பதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஆளே ஊரில் இல்லாமல் போனார். பதினான்கு மாதமாகிறது. முதல் போகத்தில் யார் கேட்டாலும் "மெஷினோட போயிருக்காரு" என்றாள் முஸ்பிறா. அந்த வெட்டு முடிந்தது, அடுத்த வெட்டும் முடிந்தது. மற்ற மெஷின்கள் எல்லாம் ஊர் திரும்பிக் கழுவி நிறுத்தப்பட்டுவிட்டன. மீராசாவின் மெஷின் மட்டும் எங்கேயோ இன்னும் வெட்டிக்கொண்டேயிருந்தது.

ஊருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை முகத்துக்கு நேரே கேட்காத நாகரிகம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. ஆள் திரும்பி நடந்த பிறகுதான் கேட்பார்கள்.

இப்போது ஸப்னாவுக்குக் காவின், அதாவது கல்யாண எழுத்து, வைத்திருக்கிறது. நாளைய வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி. மாப்பிள்ளை அஸ்ஹர், சம்மாந்துறைப் பையன், வங்கியில் வேலை. ஸப்னாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. இந்தக் கதையில் இதுவரை நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

காவினுக்குப் பெண்ணின் தகப்பன் வலியாக, அவளைக் கொடுக்கும் பொறுப்பாளியாக, நின்று கையெழுத்து வைக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் அவர் வழி ஆண்கள். மீராசாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, ஸப்னாவுக்கும் இல்லை. முஸ்பிறாவின் தம்பி அதாவுல்லா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "நான் நிக்கன்" என்றபோது விவாகப் பதிவுகாரர் சிரித்தே விட்டார். எங்கள் ஊரில் தாய்மாமன் பெரிய ஆள்தான், எல்லாக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்பவர்தான். ஆனால் வலியாக நிற்க அவருக்கு உரிமை கிடையாது.

மிச்சம் ஒரே வழி. தகப்பன் இருக்கும் இடம் தெரியாது என்று மார்க்க நீதிபதியான காழியாருக்கு எழுதிக் கொடுத்து அனுமதி எடுப்பது. அதாவுல்லாவே கடிதத்தை எழுதி பிரிஜ்ஜின் மேலே வைத்துவிட்டுப் போயிருந்தான். ஸப்னா கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

வியாழக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் அந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. பத்து மணிக்கு ஸப்னாவின் போனுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. தெரியாத இலக்கம்.

கிணற்றடிக்குப் போய்க் காதில் வைத்துக் கேட்டாள்.

"மகள்... வாப்பா. கோமாரியில தம்பையாட தென்னந்தோட்டத்துல இரிக்கன். இது அவர்ட போன்." ஒரு செருமல். "நாப்பத்தி மூணு நாளாகுது மகள். ஒரு சொட்டும் இல்ல. குடிச்சவன்ட தொழுக நாப்பது நாளைக்குக் கபூலாகா, அல்லாஹ் ஏத்துக்கமாட்டான் எண்டு சின்னதுல ஓதித் தந்தாங்க. அது கழியட்டும் எண்டுதான் கதைக்காம இரிந்தன். உனக்குக் காவின் எண்டு கேள்வி. வலி நான்தானே. நீ ஓம் எண்டு ஒரு சொல்லுப் போட்டா வாறன். போடாட்டி வரமாட்டன்."

நாலு தரம் கேட்டாள். அவர் சொன்னதை அல்ல, சொன்ன விதத்தைக் கேட்டாள். குடித்திருந்தால் வாப்பா 'மகாராணி' என்பார். தெளிவாக இருந்தால்தான் 'மகள்'. ஏழெட்டு வயதில் கண்டுபிடித்த கணக்கு அது, இன்று வரை பிழையானதில்லை. வொய்ஸில் இரண்டு தரம் 'மகள்' வந்தது, 'மகாராணி' ஒரு தரமும் இல்லை. ஸப்னாவுக்குக் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்கு நேரமில்லை.

சந்தோஷம் அரை நிமிடம்தான் இருந்தது. அதற்குப் பின்னால் பயம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக் கலைவிழாவில், வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறி, "என்ட மகாராணி" என்று மைக்கைப் பிடித்த வாப்பாவையும் அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அஸ்ஹரின் உம்மாவும் வாப்பாவும் வருகிறார்கள். வாப்பா இன்று பஸ் ஏறினால் சரியாக அவர்களுக்கு நடுவில் வந்து இறங்குவார்.

போனில் தட்டினாள். "இண்டைக்கு வராதீங்க வாப்பா. மாப்புள ஊட்டார் வாறாங்க."

அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

'நாளைக்கு' என்று ஒரு சொல் போட்டிருக்கலாம். 'ஓம்' என்றாவது போட்டிருக்கலாம். அது அவளுக்கு உறைத்தபோது உம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கெதியா வா புள்ள. வந்தா என்ன கேப்பாங்க எண்டு தெரியும்தானே? வாப்பாட பேரக் கேப்பாங்க. எந்தப் பள்ளிவாசல் எண்டு கேப்பாங்க. என்ன குடி எண்டு கேப்பாங்க. ஓடாவி குடி எண்டு சொல்லு. வேற ஒண்டும் வாய் தொறக்காத. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறன்."

எங்கள் கரையில் குடி என்றால் தாய்வழி வமிசம். உம்மா என்ன குடியோ பிள்ளையும் அதே குடி. கல்யாண வீடானாலும் மௌத்து வீடானாலும், ஒருவரை யாரென்று கேட்பதற்கு முன் என்ன குடி என்றுதான் கேட்பார்கள். ஸப்னாவின் குடியைக் கல்யாணம் பேசிய அன்றே கேட்டுவிட்டார்கள். தகப்பனின் குடிதான் இன்னும் கேட்காமல் கிடந்தது.

"உம்மா," என்றாள் ஸப்னா. "வாப்பா வந்தா?"

முஸ்பிறா பணியாரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எந்த வாப்பா?"

ஸப்னா போனை ஹபாயா அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்றே முக்காலுக்கு வான் வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியது அஸ்ஹரின் வாப்பா மசூர் போடியார். ஐம்பது ஏக்கர் வயலைக் காலால் அளந்த மனிதர், பாதம் அகன்று செருப்புக்கு வெளியே நிற்கும். பின்னால் சுஹறா மாமி, அஸ்ஹரின் உம்மா. கையில் பணியாரப் பெட்டி. ஸப்னாவைக் கண்டதும் கன்னத்தைத் தொட்டு, "மெலிஞ்சிட்டாய் மகள்," என்றார்.

ஸலாம் முடிந்தது, தேத்தண்ணி வந்தது. மழை பெய்தால் நல்லது, கூடப் பெய்தால் கெடுதல் என்று கொஞ்சம் பேசினார்கள். முஸ்பிறா சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் இவ்வளவு சிரித்து ஸப்னா கண்டதில்லை.

"தங்கச்சி, காவினுக்கு அவரு வர ஏலாதெண்டு சொன்னீங்களாம்," என்றார் போடியார். "எந்தப் பக்கம் நிக்காரு?"

"பொலன்னறுவப் பக்கம் காக்கா," என்றாள் முஸ்பிறா, அண்ணன் முறை வைத்து. "மெஷினோட போயிருக்காரு."

போடியார் வாழைப்பழத்தை உரித்தார். பாதியில் நிறுத்தினார்.

"பொலன்னறுவயிலயா? அங்கயும் இப்ப விதப்புத்தானே?"

நவம்பர் மாதம், நாடெல்லாம் வயலில் தண்ணீரைக் கட்டி விதைத்துக்கொண்டிருக்கிறது. நாற்பது வருடம் சேற்றில் நின்றவரிடம், இந்த மாதத்தில் ஒருவர் வேளாண்மை வெட்டப் போயிருக்கிறார் என்று முஸ்பிறா சொல்லிவிட்டாள். பதினான்கு மாதம் சொல்லிச் சொல்லி அது அவள் வாய்க்குப் பழகியிருந்தது. வெளியே என்ன மாதம் நடக்கிறது என்று அவள் பார்க்கவேயில்லை.

"அது... மெஷின் பழுதாப் போயிட்டாம். திருத்திட்டு இரிக்காங்களாம்."

"எந்த மெஷின் அது? எத்தின மாசமாத் திருத்துறாங்க?"

அவர் குத்திக் கேட்கவில்லை, மெஷின் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உம்மாவின் மேலுதட்டில் வியர்வை பூத்ததை ஸப்னா கண்டாள். அதே நேரம் பைக்குள் போன் அதிர்ந்தது. மடியில் மறைத்து எட்டிப் பார்த்தாள். போன் கம்பனியின் ரீலோட் விளம்பரம். வாப்பா இல்லை. ஐந்து மணித்தியாலமாக ஒரு பதிலும் இல்லை. வராதே என்றதைக் கேட்டுக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்திருப்பார்? நாற்பத்து மூன்று நாளை அவள் ஒரு வரியில் உடைத்துவிட்டாளா?

சுஹறா மாமி நல்ல மனுஷி. முஸ்பிறாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கதையை மாற்றத்தான் வாயைத் திறந்தார்.

"இவருக்கு எங்க போனாலும் வயல் கதைதான். நீ சொல்லு மகள், வாப்பா என்ன குடி?"

"இப்ப குடிக்கிறல்ல மாமி," என்றாள் ஸப்னா. "நாப்பத்தி மூணு நாளாகுது."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது.

போடியார் பாதி உரித்த பழத்தைத் தட்டில் வைத்தார். முஸ்பிறா சிரித்த முகத்தோடு அப்படியே இருந்தாள், சிரிப்பை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"நான் கேட்டது அந்தக் குடிய இல்ல மகள்," என்றார் சுஹறா, மிக மெதுவாக.

ஸப்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அஸ்ஹரின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

"புள்ள என்னமோ உளறுது," என்று முஸ்பிறா எழுந்தாள். "அவளுக்கு ஒண்டும் தெரியா காக்கா."

"நாள் எண்ணி வெச்சிரிக்கிற புள்ளைக்கா ஒண்டும் தெரியா?" என்றார் போடியார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஸப்னா எழுந்துபோய் பிரிஜ்ஜின் மேலிருந்த கடிதத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதக் காழியார்ட்டக் குடுக்க இரிந்தம் மாமா. வாப்பா எங்க எண்டு தெரியா எண்டு எழுதிக் கெடக்கு. இண்டைக்குக் காலம்பற வரைக்கும் தெரியாதான். இப்ப தெரியும். கோமாரியில இரிக்காரு. நான் இன்னும் கையெழுத்து வெக்கல்ல."

"ஸப்னா!"

"வெக்கமாட்டன் உம்மா. இரிக்கிற வாப்பாவ இல்ல எண்டு எழுதிட்டு எனக்குக் காவின் வாணாம்."

மீராசா ஸப்னாவோடு பேசியிருக்கிறார் என்று முஸ்பிறாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மகளைப் பார்த்தாள். பிறகு, சம்பந்திகள் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து வெடித்தாள்.

"ஆறு தரம் நிப்பாட்டினாரு! ஆறு தரம்! ஒவ்வொரு தரமும் பள்ளியில சத்தியம் பண்ணினாரு. ஒவ்வொரு தரமும் நான் நம்பி, ஊர்ச் சனத்துக்கிட்டச் சொல்லி, பொறவு அதே சனத்துக்கிட்டப் பொய் சொன்னன். இது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. அவரு இந்தப் படியில ஏறினா நான் எறங்கிடுவன்."

போடியார் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை முழுக்க வாசித்தார். மடித்தார். ஸப்னாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கோமாரி எண்டா ரெண்டு மணித்தியால ஓட்டம். தகப்பன் அங்க இரிக்கக்குள்ள, இடம் தெரியா எண்டு எழுதி முடிக்கிற காவின் என்ன காவின் தங்கச்சி? நாளைக்குப் பொறக்கிற புள்ளைக்கு நாம என்ன பதில் சொல்ற?" அவர் எழுந்தார். "ஞாயித்துக்கிழம லுஹர் தொழுகைக்குப் பொறவு நான் வாறன். அவரு நிதானத்தோட எனக்கு முன்னால இரிந்து, 'என்ட மகளுக்கு நான் வலி' எண்டு அவர்ட வாயால சொல்லட்டும். சொன்னா, குறிச்ச நாளையில காவின். சொல்லாட்டி..."

செருப்பைப் போட்டுக்கொண்டு வானுக்கு நடந்தார்.

சுஹறா மாமி உடனே போகவில்லை. வாசலில் நின்று முக்காட்டைச் சரிசெய்தார். முஸ்பிறா உள்ளே திரும்பி நின்றாள். ஸப்னா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல்ல," என்றார் மாமி. "வாப்பா என்ன குடி?"

"ஓடாவி குடி, மாமி."

சுஹறா ஒரு படி திரும்பி ஏறினார்.

"நானும் ஓடாவி குடிதான். அப்ப அவரு எனக்குக் காக்கா முற." ஸப்னாவின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினார். "காக்காவ வரச் சொல்லு."

வான் தெருவைத் திரும்பும் வரைக்கும்கூட ஸப்னாவால் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்தாள். எழுதாமல், நேரே கோல் எடுத்தாள். ஓம் என்று சொல்ல வேண்டும். நாளைக்கு, இப்போதே, எந்த நேரமானாலும் வாருங்கள் என்று சொல்ல வேண்டும். மணி ஐந்தே கால்.

எடுத்தது வேறு குரல்.

"மகள் பிள்ளையா? நான் தம்பையா. அவர் வந்து சேரல்லையா?"

ஸப்னா தெருவை எட்டிப் பார்த்தாள். "எங்க வந்து?"

"உங்கட மெசேஜ் வந்தது பதினொரு மணி போல. வாசிச்சார். குளிச்சார், வெள்ளச் சேட்டு ஒண்டு வெச்சிருந்தவர், அதப் போட்டார். பன்னிரண்டு மணிக்கு ரோட்டுக்கு ஏறிட்டார். ஊட்டயா போறீங்க எண்டு கேட்டன். தலைய ஆட்டினார். அது ஓமா இல்லையா எண்டு எனக்கு விளங்கல்ல பிள்ள. அவரிட்ட வேற போனும் இல்ல."

"ஐஞ்சே கால் ஆகிட்டே..."

"ஓம். அக்கரைப்பத்துல எறங்கி பஸ் மாறணும்." தம்பையா நிறுத்தினார். அவரும் ஒரு காலம் குடித்து நிறுத்தியவர்தான். மெஷின் ஓடிய காலத்தில் மீராசாவைத் தேடிப்போகிறவர்கள் முதலில் தேடுகிற இடமே அந்த பஸ் ஸ்டாண்டின் பின்பக்கத்துச் சாராயக் கடைதான். எத்தனையோ தரம் உம்மாவே போயிருக்கிறாள்.

ஸப்னா உள்ளே வந்தாள். முஸ்பிறா தொடாத பணியாரங்களைத் தட்டிலிருந்து பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"உம்மா. வாப்பா பன்னெண்டு மணிக்குக் கோமாரியில பஸ் ஏறினாராம். இன்னும் காணல்ல." போனைத் திறந்து காட்டினாள். "நான்தான் உம்மா வராதீங்க எண்டு போட்டன். வாசிச்சிட்டுத்தான் போனாராம். என்னாலதான்."

முஸ்பிறா ஒரு பணியாரத்தை வைத்தாள். இன்னொன்றை வைத்தாள்.

"நான் அக்கரைப்பத்துக்குப் போய்ப் பாத்துட்டு வாறன்," என்றாள் ஸப்னா. "நீங்க வரத் தேவல்ல. அவரு இந்தப் படி ஏறத் தேவல்ல. நான் பஸ் ஸ்டாண்டுலயே வெச்சிக் கதைக்கன்."

பெட்டியின் மூடி மூடப்பட்டது.

"என்ன சேட்டுப் போட்டிரிக்காராம்?"

"வெள்ளச் சேட்டாம்."

முஸ்பிறா கையைக் கழுவினாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய ஹபாயாவை எடுத்தாள். மஃரிப் தொழுகைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"ஓட்டோவக் கூப்பிடு," என்றாள். "அக்கரைப்பத்து பஸ் ஸ்டாண்டுல வெள்ளச் சேட்டு நூறு நிக்கும். உனக்குத் தேடத் தெரியா. அந்த மனிசன முதுகப் பாத்தாலே எனக்குத் தெரியும்."